பத்தாம் நம்பர் டோக்கன்

திரையில் "அடுத்து: 10" என்று பளிச்சென்று தெரிந்தது. ஹரிஷங்கர் அம்மாவை எழுப்பிக் கதவருகே கூட்டிப் போவதற்குள், "மூணாம் நம்பர் வாங்க!" என்றாள் கவுன்ட்டரில் இருந்த ஆவுடையம்மாள்.

கும்பளங்கியிலிருந்து வந்த கிழவர் ஒருவர், கையிலிருந்த மீன் பொட்டலத்தை அவளிடம் கொடுத்துவிட்டு டாக்டர் அறைக்குள் போனார்.

திரையில் பத்து வந்ததால் ஒன்பது வரை முடிந்துவிட்டது என்று நினைத்த ஹரிக்குச் சுர்ரென்று ஏறியது. மட்டாஞ்சேரியின் இந்தச் சின்ன கிளினிக்குக்கு டோக்கன் புரோகிராம் எழுதிக் கொடுத்தவனே அவன்தான். படிப்பு முடிந்து கிடைத்த முதல் வேலை.

"என்ன சேச்சி, கம்ப்யூட்டர் ஒண்ணு சொல்றது, நீங்க ஒண்ணு கூப்பிடறேள்? ஒரு பொட்டலம் மீனுக்கு முறையையே மாத்திடுவேளா?"

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"உள்ள கொண்டு போகக் கூடாதுல்லா தம்பி, அதான் பாத்துக்கச் சொல்லிக் குடுத்தாவ."

"கதையெல்லாம் வேண்டாம். லிஸ்டைப் பார்த்தா உங்க வண்டவாளம் தெரிஞ்சுடும்."

அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தும் கேட்காமல், கவுன்ட்டருக்குள் புகுந்து பட்டியலைத் திறந்தான்.

1, 10, 11, 12... அதற்குப் பிறகுதான் 2, 3.

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. 01, 02 என்று முன்னால் ஒரு பூஜ்யம் சேர்க்க மறந்திருக்கிறான். கம்ப்யூட்டர் எண்களை எழுத்தாகப் படித்து, ஒன்றில் தொடங்குவதையெல்லாம் முன்னால் தள்ளியிருக்கிறது. சோதித்துப் பார்த்த அன்று ஒன்பதே பேர் வந்ததால் கோளாறு தெரியவில்லை.

சத்தம் கேட்டு டாக்டர் ஜெயலக்ஷ்மி வெளியே வந்தார். "எந்தா ஹரி? சிஸ்டத்துல தப்பா?"

ஹரி பட்டியலைச் சட்டென்று மூடினான்.

"சிஸ்டமெல்லாம் சரியாத்தான் இருக்கு டாக்டர். நாந்தான் நம்பரை மாத்திக் கூப்பிட்டுட்டேன்" என்றாள் ஆவுடையம்மாள்.

"இன்னொரு தடவை இப்படி நடந்தா வேற ஆள் பார்த்துடுவேன்."

கதவு மூடிக்கொண்டது. தப்பு தன்னுடையது என்று அப்போதும் அவன் சொல்லவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எனக்கு... எனக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே, சேச்சி?"

அவள் மேஜைமேல் இருந்த நோட்டைப் பிரித்துக் காட்டினாள். பக்கம் பக்கமாகப் பேனாவால் டோக்கன் வரிசை.

"ரெண்டு தடவ பண்ணினேன் தம்பி. கம்ப்யூட்டர் தெரியாதவங்க பேசக் கூடாதுன்னு போனை வச்சிட்டிய. டாக்டர்ட்ட சொன்னா உங்க மொத வேலைக்கே கெட்ட பேராயிருமேன்னு, மூணு வாரமா நானே எழுதி வச்சுக் கூப்பிடுதேன்."