மிச்சம் மூன்று கட்டம்

“உமக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் மறைக்கிறீர். சொல்லும்!”

ஓவசியர் நடராசா கதிரையின் நுனிக்கே வந்துவிட்டார். விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற பத்மாசனி தலைகுனிந்துகொண்டாள். பொலிஸ் வந்து கேட்டாலும் இனி வாய் திறக்கமாட்டாள் போலிருந்தது.

அவள் மறைத்தது களவும் இல்லை, கொலையும் இல்லை. வாரப் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் போட்டியில் ஒரேயொரு சொல்.

முரசுமோட்டை வாய்க்கால்களைப் பார்க்க வந்த ஓவசியருக்குக் குறுக்கெழுத்து என்றால் பைத்தியம். வீரகத்தியரின் வீட்டில் தண்ணீர் கேட்டு இறங்கிய அன்று, யானைக்கு வேறு பெயர் தெரியாமல் மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தார். செம்பைக் கொண்டுவந்த வீரகத்தியரின் மகள் பத்மாசனிதான் கேட்டாள்.

“எத்தினை எழுத்து? ரண்டெண்டால் கரி. மூண்டெண்டால் களிறு. நாலுக்கு வாரணம், அஞ்சுக்குக் குஞ்சரம்.”

ஓவசியருக்குக் குடித்த தண்ணீர் புரைக்கேறியது.

“சொல்லைத் தனியச் சேர்க்கக்கூடாது,” என்று வழியும் சொல்லிக் கொடுத்தாள். “ஒண்டைப் பிடிச்சால் அதின்ரை இனசனம் முழுக்கப் பிடிச்சு, எழுத்துக் கணக்கிலை வரிசையா இருத்திவைக்கவேணும்.”

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்து வாய்க்கால் அடிக்கடி உடைப்பெடுத்தது. ஓவசியர் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்தார்.

சொல் சேர்க்கும் ஆசையில் அவர் எதையும் விட்டுவைக்கவில்லை. முல்லைத்தீவு மீன்காரரை மறித்து வலைகளின் பெயரெல்லாம் கேட்டார். பத்மாசனியின் தாய் இரஞ்சிதம் குசினிக்குள்ளிருந்து, “பிள்ளை, கீரை அரியவேணும், அந்த வெட்டிரும்பை எடுத்துக்கொண்டு வா!” என்று கூப்பிட்டால், ‘வெட்டிரும்பு’ம் அவருடைய சேமிப்பில் சேர்ந்துவிடும். வன்னிச் சொல்லாக்கும் என்று கிளிநொச்சி இரும்புக்கடையில் கேட்டுப் பார்த்தார். கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போனார்.

நாளைக்கு ஓவசியரின் மாமா சம்பந்தம் பேசக் கொக்குவிலிலிருந்து ரயிலேறி வருகிறார். பெரியவர்கள் பேச்சைத் தொடங்கிவிட்டால் பிறகு பெண்ணிடம் யார் கேட்கப் போகிறார்கள்? அதற்கு முன் அவள் மனத்தை அறியவேண்டும் என்று ஓவசியருக்கு ஒரே துடிப்பு. நேரே கேட்கவோ நாக்கு எழும்பவில்லை.

நல்லகாலம், இந்த வாரப் போட்டி கைகொடுத்தது. ‘தில்லையில் ஆடுபவர்’, நாலு எழுத்து. குறுக்கே வந்த சொல்லால் முதல் கட்டத்தில் ‘ந’ விழுந்தாயிற்று. அந்தப் பேர் அவள் வாயால் வந்ததும், “பேர் பிடிச்சிருக்கோ?” என்று கேட்டுவிடுவதாகத் திட்டம்.

அவளோ பிடிகொடுக்கவில்லை.

“கூத்தன்,” என்றாள்.

“முதலெழுத்து ‘ந’ எண்டு சொன்னனான் எல்லோ?”

“சபாபதி எண்டு போட்டால் என்ன?”

“பத்மாசனி, ‘ந’!”

“அப்ப அம்பலவாணர்.”

“இது சின்னப் பிள்ளையளுக்கும் தெரிஞ்ச பேர்,” என்றார் ஓவசியர், குரல் இறங்கி. “முதல் பரிசு தையல் மெசின். கிடைச்சால் உமக்குத்தான். ஆனால் நீர் சொல்லாமல் நான் எழுதமாட்டன்.”

தையல் மெசின் அவளுடைய நெடுநாள் ஆசை. முகம் ஒருதரம் மலர்ந்தது. மறுகணம் செக்கச் சிவந்துபோயிற்று.

“எனக்கு மெசின் வேண்டாம். மிச்சம் மூண்டு கட்டமும் வெறுமையாக் கிடக்கட்டும்.”

சொல்லிவிட்டு ஒரே ஓட்டமாகக் குசினிக்குள் போய்விட்டாள். தாயும் மகளும் ஏதோ குசுகுசுப்பது கேட்டது.

ஓவசியருக்கு மனம் விட்டுப்போயிற்று. யானைக்கு இத்தனை பெயர் வைத்திருப்பவளுக்கு இந்த ஒரு பேர் மட்டும் கசக்கிறது. ஆசைப்பட்ட மெசினையே உதறித் தள்ளுகிறாள் என்றால், அந்தப் பேருக்குரியவன்மேல் எவ்வளவு வெறுப்பு இருக்கவேண்டும்!

போட்டித் தாளைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார். கிளிநொச்சித் தபாற்கந்தோர் பூட்டுவதற்குள் மாமாவுக்குத் தந்தி அடித்துவிட வேண்டும்.

ஒழுங்கை முகப்பில் வீரகத்தியர் வேலிக்குக் கதியால் வெட்டிக்கொண்டு நின்றார்.

“எங்கை தம்பி, உந்த வெயிலுக்கை பறக்கிறியள்?”

“தந்தி அடிக்கப் போறன் ஐயா. மாமாவை நாளைக்கு வரவேண்டாமெண்டு சொல்லப்போறன்.” “உங்கடை மோளுக்கு விருப்பமில்லை.”

வீரகத்தியரின் முகம் மாறியது. “அப்பிடி அவள் சொன்னவளோ?”

“சொல்லேல்லை ஐயா, அதுதானே விசயம்! என்ரை பேரை வாயாலை சொல்லவும் அவவுக்கு மனமில்லை.”

குறுக்கெழுத்து, ‘ந’, கூத்தன், சபாபதி, தையல் மெசின் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தார். கேட்டு முடிந்ததும் வீரகத்தியர் கையிலிருந்த கத்தியை மெல்ல உயர்த்தினார். ஓவசியர் சைக்கிளோடு ஓரடி பின்னுக்குப் போனார்.

“இது என்ன, தம்பி?”

“க… கத்தி.”

“என்ரை பேர்?”

“வீரகத்தி.”

“என்ரை மனுசி இதுக்கு என்ன சொல்லுறவ?”

“வெட்டி… வெட்டிரும்பு.”

வீரகத்தியர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“புருசன்ரை பேரை ஆர் தம்பி வாயாலை சொல்லுறது?”