ஒரே நாளில் தரைமட்டம்

"லைசென்ஸ் இருக்கா தம்பி? சும்மா போர்டு மட்டும் மாட்டிட்டு வர்றவங்க எனக்கு வேணாம்."

அந்த அம்மாள் கேட்டதும் காண்ட்ராக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கட்டடம் இடிக்கும் தொழிலில் இருபது வருஷம் தள்ளியாகிவிட்டது. லைசென்ஸ் கேட்டு வேலை கொடுத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்ததை எடுத்து நீட்டினார்.

இந்த வேலையும் கை நழுவினால் தொழிலுக்கே முழுக்குப் போட வேண்டியதுதான். ஆறு மாதமாக ஒருத்தரும் கூப்பிடவில்லை; போன வாரம் கிடைத்த ஒன்றோடு சரி. "கட்டுறவனுக்கே வேலை இல்லையாம், இடிக்கிறவனை யாரு தேடப் போறா?" என்று மனைவி காலையில்கூடக் குத்திக்காட்டியிருந்தாள்.

அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லைசென்ஸை ஓர் எழுத்து விடாமல் படித்தார். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஊரிலிருந்து கொண்டுவந்து இன்னும் பிரிக்காத பயணப்பெட்டி ஒன்று நின்றது. அந்த வீட்டுக்குச் சொந்தக்காரரான அவருடைய அக்கா, உள் அறை வாசலில் நின்று காண்ட்ராக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்துலேர்ந்து அஞ்சு பேரைப் பார்த்துட்டேன். நீங்க ஆறாவது ஆள். கடைசியா எங்க வேலை பார்த்தீங்க?"

அஞ்சு பேரா! காண்ட்ராக்டர் ஓரடி முன்னால் வந்தார். அடக்கி வாசித்தால் இனி ஆகாது என்று எடுத்துவிட்டார்.

"போன வாரம்தாம்மா. பெரிய பள்ளிக்கூடத்துக்குப் பின்தெரு, பன்னெண்டாம் நம்பர் வீடு. மாடியோட இருந்துச்சு. காலையில கை வச்சோம், பொழுது சாயறதுக்குள்ள தரைமட்டம். பக்கத்து வீட்டுப் பூந்தொட்டிக்குக்கூட ஒரு கீறல் இல்லை. வேணும்னா விசாரிச்சுப் பாருங்க."

"உள்ள சாமான் ஏதாவது இருந்துச்சா?"

"கட்டில், பீரோ, தையல் மெஷின் எல்லாம் அப்படியே இருந்துச்சு. ஓனர் வெளிநாட்டுல இருக்கார். போன்ல கேட்டேன், 'எல்லாம் பழசு, சேர்த்து அள்ளிடுங்க'ன்னுட்டார். அள்ளி லாரியில ஏத்திட்டோம்."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வயசாகிவிட்டதல்லவா, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார் காண்ட்ராக்டர்.

"அதுதான் பன்னெண்டாம் நம்பர்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

இதென்ன கேள்வி! சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. வேலை கொடுக்கப் போகிறவரிடம் சிரிக்கலாமா? விழுங்கிக்கொண்டார்.

"வாசல் கதவுல பெரிசா எழுதியிருந்துச்சேம்மா. கண்ணை மூடிக்கிட்டா இடிப்போம்?"

அந்த அம்மாள் லைசென்ஸைத் திருப்பித் தரவில்லை. மடித்து அக்காவிடம் கொடுத்துவிட்டார். அப்பாடா, ஆள் முடிவாகிவிட்டது! மனைவியிடம் எப்படிச் சொல்லலாம் என்றுகூட ஒரு கணம் யோசித்துவிட்டார் காண்ட்ராக்டர்.

"எப்பம்மா ஆரம்பிக்கலாம்? எந்த வீட்டை இடிக்கணும்?"

அந்த அம்மாள் பக்கத்திலிருந்த பயணப்பெட்டியின் மேல் கையை வைத்தார்.

"அது பழைய நம்பர், தம்பி. புதுப் பன்னெண்டு எதிர்வரிசையில நல்லா நிக்குது. நீங்க இடிச்சது என் வீடு."