மாயவன் படித்த நாடகம்

"நாப்பது நாளாச்சு சார்! நாடகத்தை வாங்கிட்டுப் போன மனுஷன் நல்லா இருக்குன்னும் சொல்லல, குப்பைன்னும் சொல்லல!"

வசுமதிக்கு மூச்சு வாங்கியது. செங்கல்பட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டூட்டி முடிந்த கையோடு மன்றத்துக்கு ஓடி வந்திருந்தாள்.

ஓரங்க நாடக மன்றத்தின் செயலாளர் பக்தவச்சலம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "யாருகிட்டம்மா குடுத்தே?"

"கடப்பாக்கம் மாயவன்கிட்ட."

"போச்சு போ! அவனும் உன்னை மாதிரியே அந்தக் கடப்பாக்கம் புயலைப் பத்தித்தானே மூணு வருஷமா ஒரு நாடகம் எழுதிக்கிட்டிருக்கான்? உனக்கு வேற ஆளே கிடைக்கலியா?"

வேற ஆளா? இரண்டு பேரிடம் கொடுத்துப் பார்த்தாயிற்று. "கடலைப் பத்தி உனக்கு என்னம்மா தெரியும்?" என்று இருவருமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த மன்றத்தில் ஒரு வழக்கம். யாரும் தன் நாடகத்தைத் தானே தூக்கிக்கொண்டு வரக்கூடாது. இன்னொரு நாடகாசிரியர் சிபாரிசு செய்ய வேண்டும். அதுவும் வாயால் 'பிரமாதம்' என்று சொன்னால் செல்லாது. எல்லார் முன்னாலும் நின்று, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துக் காட்ட வேண்டும். பிடிக்காத நாடகத்தை எவனும் அரைமணி நேரம் கால்கடுக்க நின்று படிக்க மாட்டான் என்பது பக்தவச்சலத்தின் கணக்கு.

இன்றைக்குக் கடைசி நாள். இன்று தேறும் ஒரே ஒரு நாடகம் மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் மேடை ஏறும். வசுமதி எழுதிய ஏழு நாடகங்களில் ஒன்றுகூட இதுவரை மேடையைப் பார்த்ததில்லை.

"எனக்கும் அதே கதைதான்," என்றான் இன்னொரு நாடகாசிரியனான செய்யூர் துரை. "மாயவன் நாடகத்தை நான்தான் இன்னிக்குப் படிக்கிறதா ஏற்பாடு. ஆளையும் காணோம், நாடகத்தையும் காணோம்."

வசுமதிக்குச் சந்தேகம் தட்டியது. தன் நாடகத்தை அப்படியே உருவி அவன் நாடகத்தில் சேர்த்துக்கொண்டிருப்பானோ?

நாலு நாடகங்கள் படித்து முடித்த பிறகுதான் மாயவன் வந்தான். மீன் ஏலத்திலிருந்து நேராக வந்திருந்தான். அவனுக்கு முன்னால் வாடை வந்தது.

"மன்னிச்சுக்க அண்ணாத்த, பஸ்ஸு பேஜாரு பண்ணிடுச்சு," என்றவன், பிளாஸ்டிக் பையிலிருந்து காகிதக் கட்டை எடுத்தான். வசுமதியின் கையெழுத்து!

படிக்க ஆரம்பித்தான்.

அடேயப்பா, அது படிப்பா! புயலுக்கு முந்தின நாள் மத்தியானம், சின்னையன் என்ற மீனவன் பெண்டாட்டியோடு உட்கார்ந்து வலை பிரிக்கிறான். குழம்பில் உப்பு இல்லை என்று வம்பிழுக்கிறான். நாளைக்குக் கடலுக்குப் போய் வந்ததும் டிரான்சிஸ்டர் வாங்கித் தருவதாக அளக்கிறான். நாடகம் முழுக்க அவ்வளவுதான். புயலும் வரவில்லை, சாவும் வரவில்லை. ஆனால் நாளைக்கு அவன் இல்லை என்பது கேட்கிற எல்லோருக்கும் தெரியும்.

அறை முழுக்கச் சிரித்தது. சிரித்த வாய் மூடுவதற்குள் கண் கலங்கியது. 'இதை நானா எழுதினேன்?' என்று வசுமதிக்கே உடம்பு சிலிர்த்தது.

பாதியில் ஒரு தப்பு நடந்தது. சின்னையன் என்று படிக்க வேண்டிய இடத்தில் "கேசவன்" என்றான் மாயவன். வாய் தவறிவிட்டது என்று நினைத்தாள். அடுத்த பக்கத்திலும் கேசவன். அதற்கப்புறம் கடைசி வரைக்கும் கேசவனேதான்!

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. நாற்பது நாள் வைத்துக்கொண்டு இந்த வேலைதான் பார்த்தானா?

படித்து முடித்ததும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கை தட்டினார்கள் பாருங்கள், கீழே சைக்கிள் கடைக்காரர் மாடியேறி வந்துவிட்டார். "மாமல்லபுரத்துக்கு இதான்யா!" என்றார் பக்தவச்சலம், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

வசுமதிக்கு ஆகாயத்தில் பறப்பது போலத்தான் இருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. நேரே மாயவனிடம் போனாள்.

"நீங்க சிபாரிசு பண்ணினதுக்கு ரொம்ப நன்றிங்க. ஆனா நான் வெச்ச பேரை மாத்த நீங்க யாரு? உங்க நாடகத்து ஆளை என் நாடகத்துல நுழைக்கிறீங்களா?"

மாயவன் தலையைக் குனிந்துகொண்டான். "மாத்தணும்னு மாத்தலம்மா. படிக்கச் சொல்லோ வாய்ல அப்டியே வந்துடுச்சு. தப்புதான்."

துரை குறுக்கே விழுந்தான். "அது கெடக்கட்டும் மச்சான். உன் நாடகம் எங்க? உனக்காகப் படிக்கத்தானே நான் பஸ் ஏறி வந்தேன்?"

"அத்த அடுப்புல போட்டுட்டேன்."

"இன்னாது? மூணு வருஷம் எழுதினதையா?"

"ஆமா. எத்தினி தபா எழுதினாலும், என் நாடகத்துல அவன் செத்துக்கினேதான் இருந்தான். இந்தம்மா எழுதினதுல சிரிச்சுக்கினு கீறான். அதான் திருப்பிக் குடுக்க மனசு வரல. தெனம் ஒருவாட்டி எடுத்துப் படிச்சுக்கினு இருந்தேன்."

வசுமதிக்கு ஒன்றும் புரியவில்லை. பேப்பரில் வந்த மூன்று வரிச் செய்தியை வைத்துத்தான் அவள் அந்த நாடகத்தை எழுதினாள். 'கடப்பாக்கம் அருகே புயலில் சிக்கிய மீனவர் ஒருவரைக் காணவில்லை.' அதில் பேர்கூடப் போடவில்லை.

"யாருங்க அந்தக் கேசவன்?" என்றாள் மெதுவாக.

மாயவன் காகிதக் கட்டை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினான்.

"என் கூடப் பொறந்தவன்மா. அந்தப் புயல்ல போய் மூணு வருஷம் ஆச்சு. உன் புண்ணியத்துல இன்னிக்கு அரைமணி நேரம் நம்மளோட குந்திப் பேசிட்டுப் போனான்."