முளைக்காத பல்

விளக்குப் பலகையில் மகளின் எக்ஸ்ரே வெள்ளையாய் ஒளிர்கிறது. பல்வரிசையில் ஓரிடம் மட்டும் காலியாக இருக்கிறது. டாக்டர் அதைப் பேனா முனையால் தொடுகிறார். "இது முளைக்கவே இல்லை. கம்பி போட வர்றவங்கள்ல இது சகஜம்தான். பரம்பரையாவும் வரும். வீட்டுல வேற யாருக்காவது இருக்கா?" அப்பா, மகள் கழற்றிக் கொடுத்த மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்கிறார். நாற்காலியில் சாய்ந்திருக்கும் அவள் முந்திக்கொள்கிறாள். "அப்பாவுக்கும் அதே பல் இல்லை டாக்டர். ஆனா அது கோல் தடுக்கிறப்போ பந்து பட்டுப் போனது." கல்யாணமான புதிதில் மனைவியிடம் அவர் அளந்த கதை அது. கதைதான் வளர்ந்தது, பல் முளைத்ததே இல்லை. "அப்படியா சார்?" என்கிறார் டாக்டர். அப்பா துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைக்கிறார். மகள் கை நீட்டுகிறாள். "கண்ணாடியைக் கொடுங்கப்பா. உங்க முகமே சரியாத் தெரியலை."