மாப்பிள்ளையை அனுப்பியது யார்

"மாப்பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுட்டு வான்னாங்க சார். விட்டுட்டு வந்தேன்."

லாரி டிரைவர் இதைச் சொன்னதும், முலாம் பூசும் பட்டறையின் முற்றத்தில் நின்றிருந்தவர்கள் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டார்கள். விசாரிக்க வந்த அதிகாரி மட்டும் நிமிர்ந்தார்.

அவர் காலடியில் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம், ஈரம் சொட்டக் கிடந்தது. காலையில்தான் கால்வாயிலிருந்து தூக்கி வந்திருந்தார்கள். மூடி பிளந்திருந்தது. உள்ளே இருந்தது முலாம் போட்டுத் தீர்ந்த அமிலம். அதில் பாதி கால்வாயோடு போயிற்று. தண்ணீரில் இறங்கிய இரண்டு பேர் வெந்த காலோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள்.

"அது வந்து சார், கழிவு டிரம்முக்குப் பசங்க வச்ச பேரு," என்று மேனேஜர் குழைந்தார்.

பேர் பொருத்தம் என்னவோ பிரமாதம்தான். டிரம் எப்போதும் நிழலில்தான் உட்காரும். ஒரு வேலைக்கும் உதவாது. யாரும் அதை உரசிவிடக் கூடாது. அனுப்பி வைப்பதென்றால் மட்டும் வண்டி வேண்டும், செலவு செய்ய வேண்டும், அத்தனை மரியாதையும் வேண்டும்.

மேனேஜர் வந்து சேர்ந்த வருஷம்தான் இந்தப் பேரும் வந்தது. ஏன் வந்தது என்று கழிவு ஷெட்டைப் பார்த்துக்கொள்கிறவளுக்குத் தெரியும். அவள் காதுபடவே சொல்வார்கள். அவளும் கேட்காத மாதிரி நடந்து போய், ஷெட்டுக்குள் நின்று சிரித்துக்கொள்வாள்.

இன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

முன்பெல்லாம் டிரம்கள் லைசென்ஸ் உள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போகும். அவள் கூடவே போய் இறக்கிவிட்டு வருவாள். மேனேஜர் வந்தார், அது தண்டச் செலவு என்றார். கழிவு யாருடையதோ, அது ஒழுங்காக அழிகிற வரைக்கும் பொறுப்பும் அவர்களுடையதுதான். லாரியில் ஏற்றிவிட்டோம் என்று கை கழுவ முடியாது, சட்டம் விடாது என்று அவள் தலைபாடாய் அடித்துக்கொண்டாள்.

"ஊரைக் காப்பாத்தன்னே பொறந்திருக்கியா நீ?" என்று கேட்டு ஷெட் சாவியைப் பிடுங்கிக்கொண்டார் மேனேஜர்.

நேற்று அவர் டிரைவருக்கு ஃபோன் போட்டு, "கால்வாய்ப் பக்கம் விட்டுடு" என்று சொன்னதை அவள் தன் காதால் கேட்டாள். குறுக்கே விழுந்து சண்டை போட்டாள். அதற்குள் லாரி போய்விட்டிருந்தது.

அதிகாரி வருவதற்கு முன்னாலேயே முதலாளியும் மேனேஜரும் கதையைப் பேசி வைத்துவிட்டார்கள். சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் அனுப்பினோம், டீசலை மிச்சம் பிடிக்க டிரைவர் வழியிலேயே தள்ளிவிட்டான். ஏட்டில் இன்னும் ஷெட்டுக்குப் பொறுப்பானவள் என்பதால் அதை அவள் வாயால் சொன்னால் போதும். டிரைவர் ஜெயிலுக்குப் போவான், பட்டறை தப்பித்துவிடும்.

டிரைவர் முகத்தில் ஈயாடவில்லை. அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலாளி ஒரு தரம் செருமினார். அவள் பக்கமாகச் சாய்ந்து, உதடு அசையாமல் சொன்னார்.

"யோசிச்சுப் பேசு. சாயங்காலம் வீட்டுக்குப் போகணுமில்ல?"

அவள் யோசித்தாள். பூசி மெழுகத் தெரியாதவள் இல்லை, இந்தப் பட்டறையிலேயே வளர்ந்தவள். பித்தளையைத் தங்கமாகக் காட்டுகிற இடத்தில் ஒரு பொய்யைப் பளபளக்க வைப்பது என்ன பெரிய வித்தையா? ஆனால் வெந்தது கால். ஜெயிலுக்குப் போகப்போவது சொன்னதைச் செய்த ஒருத்தன். அந்தப் பொய்யைச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"ஷெட் உங்க பொறுப்புதானேம்மா?" என்றார் அதிகாரி. "இதை அனுப்பினது யாரு?"

"மாப்பிள்ளை."

அதிகாரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "டிரம்மை அனுப்பினது யாருன்னு கேட்டா, டிரம்முன்னு சொல்றீங்களே?"

"அந்த மாப்பிள்ளை இல்ல சார்." அவள் கையை நீட்டி மேனேஜரைக் காட்டினாள். "முதலாளியோட மாப்பிள்ளை. இதோ நிக்கிறாரே, இவர். கால்வாய்ல விடச் சொன்னது இவரு. தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தது முதலாளி. டிரைவரை விட்டுடுங்க. பதில் சொல்ல வேண்டியது பட்டறைதான். எழுதிக்கோங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. முதலாளி உட்கார நாற்காலி தேடினார்.

அதிகாரி எழுதி முடித்தார். பிறகு அவளைத் தனியாக இரண்டு எட்டு தள்ளிக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார். நல்ல மனுஷர்தான்.

"தைரியமா சொல்லிட்டீங்க. ஆனா நாளைக்கு இங்க உங்களை இருக்க விடுவாங்களா? புருஷனை மாட்டிவிட்டா, முதலாளி பொண்ணு உங்களைச் சும்மா விடுமா?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அவதான் சார் உங்ககிட்ட பேசிக்கிட்டிருக்கா."