நார்மனின் கை நடுக்கம்

“போச்சு! பச்சை போய் மண் நிறத்து மேல ஏறிடுச்சு பாரு, டோரீன்!”

சமையலறை மேஜையில் குனிந்திருந்த நார்மன் பிரஷ்ஷை வீசியெறிந்தார். எதிரே இரண்டு உள்ளங்கையில் அடங்குகிற ஹரிக்கேன் போர் விமானம், பிளாஸ்டிக்கில். இறக்கையில் பச்சையும் மண் நிறமும் சந்திக்கிற கோடு கோழி கிளறிய மாதிரி இருந்தது. அவருடைய வலது கை இன்னும் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

“எங்கே? எனக்கு ஒண்ணும் தெரியலையே. நல்லாத்தானே இருக்கு,” என்றாள் டோரீன், அடுப்பில் இருந்த ஓட்கேக் என்கிற ஓட்ஸ் தோசை மேல் சீஸைத் தூவியபடி.

“உன்கிட்ட கேட்டேன் பாரு! சனிக்கிழமை கிளப்ல விமான மாடல் போட்டி. அந்த லெஸ்லி பய இதைப் பாத்தான்னா ஊர் பூரா சொல்லிச் சிரிப்பான்.”

“டாக்டர்கிட்ட காட்டுங்கன்னா காதுல வாங்கினாத்தானே?”

“வயசானா ஆடத்தான் செய்யும். டாக்டர் என்ன, வயசைக் குறைச்சுத் தரப்போறாரா? நான் பப் வரைக்கும் போயிட்டு வரேன். மனசே சரியில்ல.”

போயே போய்விட்டார். பெயிண்ட் டின்னை மூடவில்லை, பிரஷ்ஷைக் கழுவவில்லை. வீடே பற்றி எரிந்தாலும் பிரஷ்ஷைக் கழுவி, நுனியைக் கூராக நீவி வைத்துவிட்டுத்தான் எழுந்திருக்கிற மனுஷன்! இப்படி ஆகிவிட்டாரே!

வாசல் கதவு சாத்தியதும் அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். எனாமல் பெயிண்ட் லேசில் காயாது. அதுதான் அவளுக்கு வசதி. டர்பன்டைன் தொட்ட துணியால் வழிந்ததையெல்லாம் துடைத்தாள். பிறகு பிரஷ்ஷை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. கோடு அப்படியே வளைந்து படிந்தது.

பர்ஸ்லெம் பீங்கான் ஆலையில் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே டீக்கோப்பைகளில் ரோஜாப்பூ வரைந்த கை அது. மகன் நீல் பைக் விபத்தில் போன பிறகு பிரஷ் என்ன, பின்னல் ஊசியைக்கூட அவள் தொட்டதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பாள், அவ்வளவுதான். நார்மனுக்குக் கை ஆட ஆரம்பித்த பிறகு அதற்கும் நேரமில்லை.

பாவம், மகன் போன துக்கத்தை அவர் இந்த விமானங்களை வைத்துத்தான் தாண்டிக்கொண்டிருக்கிறார். தன் கை இனி பிரஷ் பிடிக்கவே உதவாது என்று தெரிந்தால் ஆளே ஒடிந்துவிடுவார். கடவுளே, அவருக்குத் தெரியவே கூடாது.

காலையில் நார்மன் விமானத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அட! காஞ்சதும் கோடு என்னமா நிக்குது பாரேன்!”

“நான் நேத்தே சொன்னேன். நீங்கதான் தாம்தூம்னு குதிச்சீங்க.”

“இடது இறக்கை பாக்கி இருக்கு. இன்னைக்கு முடிச்சிடறேன்.”

முடித்தார். அதாவது, அவர் கெடுத்துவிட்டுப் பப்புக்குப் போனார், அவள் முடித்து வைத்தாள்.

சனிக்கிழமை சர்ச் ஹாலில் நல்ல கூட்டம். டோரீன் லெஸ்லியைத் தேடிப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

“லெஸ்லி, அவர் கை ஆடுறதைப் பத்தி யார் முன்னாலயும் கேலி பண்ணிடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“சேச்சே, நான் ஏன் டோரீன் பேசப்போறேன்?” என்று லெஸ்லி தன் ஷூவைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

நடுவர் ஹரிக்கேன் முன்னால் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், குனிந்தார். டோரீன் ஓரடி முன்னால் நகர்ந்தாள். இரண்டு பேர் கை வேலை என்று கண்டுபிடித்துவிட்டால்?

“இது ஸ்ப்ரே அடிச்சது இல்லையே?”

“பிரஷ்தான் சார்,” என்றார் நார்மன்.

“நம்பவே முடியலைய்யா! பிரஷ் பட்ட தடமே தெரியலை.”

முதல் பரிசு! டோரீன் உள்ளங்கை சிவக்கக் கைதட்டினாள். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. கெட்டிக்காரத்தனமாக மறைத்துவிட்டோம் என்று கர்வம்கூட வந்தது. இரண்டு கோப்பை டீ வாங்கிக்கொண்டு நார்மனைத் தேடினாள். ஹாலுக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் அவர் குரல் கேட்டது.

கதவு ஒருக்களித்திருந்தது. லெஸ்லி தன் விமானத்தின் குட்டி பைலட்டை விரல் நுனியில் பிடித்துக்கொண்டிருந்தான்.

“ஆடாம பிடிடா,” என்றார் நார்மன்.

பட்டாணி அளவுகூட இல்லாத அந்தத் தலைக்கு, இரண்டே முடி உள்ள பிரஷ்ஷால் அவர் கண் திறந்துகொண்டிருந்தார். கை கல்லுத்தூண் மாதிரி நின்றது.

“இன்னும் எத்தனை நாளைக்குடா இந்தக் கூத்து?” என்றான் லெஸ்லி. “பாவம், என்கிட்ட வந்து கெஞ்சிட்டுப் போறா. என்னால அவ முகத்தைப் பார்க்கவே முடியலை.”

“மெதுவாப் பேசு. நீல் போனதிலேருந்து ஒரு வார்த்தை பேசாம உறைஞ்சு கிடந்தவடா அவ. இப்ப வேலை செய்யறா, சாப்பிடறா, நாள் பூரா என்னைத் திட்டறா. அதுக்காக இன்னும் நூறு விமானத்தை வேணும்னாலும் நாசம் பண்ணுவேன்.”

டோரீன் அடிமேல் அடி வைத்துப் பின்னால் போனாள். தோள்பட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஷூவைத் தரையில் டக் டக்கென்று தட்டி நடந்து வந்து, கதவுக்கு வெளியே நின்று ஊரே கேட்கும்படி இருமினாள்.

உள்ளே போனபோது நார்மனின் கை வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

“சும்மா இருங்க, உங்க கையில குடுத்தா கொட்டிடுவீங்க,” என்று சொல்லி, டீக்கோப்பையை அவளே அவர் வாயருகே பிடித்தாள்.