தேர்வுக்கு வந்த தலை

செய்முறைத் தேர்வு தொடங்கப் பத்து நிமிடம்தான் இருந்தது. அழகுக்கலை வகுப்பில் மற்ற மாணவிகளுக்கெல்லாம் தலைச்சாயம் பூசிக்கொள்ள ஆள் வந்தாயிற்று. அவளுடைய நாற்காலி மட்டும் காலி. வருவதாகச் சொல்லியிருந்த பக்கத்து வீட்டு அக்காவைக் கைப்பேசியில் பிடித்தாள்.

"உன் மாமியார்தான் வர வேண்டாம்னு சொல்லிட்டாங்கம்மா."

அவள் இணைப்பைத் துண்டித்தாள். 'ஊரார் தலையைத் தொட்டுத்தான் பிழைக்கணுமா?' என்று ஒரு வருடமாகக் கரித்துக்கொட்டியவர், கடைசி நாளில் கழுத்தறுத்துவிட்டார்.

வேறு யாரையும் கூப்பிட வழியில்லை. காதுக்குப் பின்னால் முன்கூட்டியே சாயத்தைத் தொட்டுவைத்து, தோல் ஏற்கிறதா என்று பார்த்த ஆளாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தேர்வாளர் அனுமதிக்கமாட்டார்.

கதவைத் திறந்துகொண்டு மாமியாரே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏன் அத்தை இப்படிப் பண்ணீங்க?"

"முந்தாநாள் நீ தொட்டுவச்சுட்டு வந்ததுமே, பத்துப் பேர் முன்னால நரையோட உட்காரக் கூச்சப்பட்டு பக்கத்து வீட்டுக்காரி தானே சாயம் அடிச்சுக்கிட்டா. சாயத்து மேல சாயம் அடிச்சா மார்க் போடுவாங்களா? சொன்னா நீ தூங்கமாட்டே."

"ஆனா உங்களுக்குத் தொட்டுவைக்கலையே அத்தை."

மாமியார் வெள்ளை முடியை ஒதுக்கிக் காதை மடக்கிக் காட்டினார். பின்னால் பொட்டளவு பழுப்புக் கறை. தடிப்பில்லை, சிவப்பில்லை.

"உன் கிண்ணத்துல மிச்சமிருந்ததை அன்னிக்கே தொட்டுவச்சுக்கிட்டேன். ஒரு வருஷமா நீ சத்தம் போட்டுப் படிச்சப்போ, நான் காய் மட்டுமா நறுக்கிட்டிருந்தேன்?"